மஹ்ஜூபின் கண்டம்

"படுங்கண்ணா! படுங்க!"

தமிழ்தான். கொங்குத் தமிழ். கத்துவது மஹ்ஜூப். ரிக் வண்டியின் அடியில் விழுகிறேன். முகம் சேற்றில். கம்ப்ரஸர் இரைகிறது. அது இரையும்போது வேறெதுவும் லேசில் காதில் விழாது. அதனால்தான் முதல் குண்டு வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. சுவர் சரிந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. மெல்லிய விசில். நீண்டுகொண்டே வந்தது. சட்டென்று நின்றது. நின்றால் பக்கத்தில் விழப்போகிறது என்று பொருள். அதற்குள் அதைக் கற்றுக்கொண்டிருந்தோம்.

விழுந்தது.

தூசி அடங்குகிறது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். ரிக்கின் படியில் டெஸ்ஃபாய் உட்கார்ந்திருக்கிறார். கை லீவர் மேல். கூப்பிடுகிறேன். திரும்பவில்லை. கழுத்தில் ஒரு துளை. கட்டைவிரல் அளவு. அவருக்குப் பின்னால் குழியிலிருந்து தண்ணீர் பீறிக்கொண்டிருந்தது. சிவப்புத் தண்ணீர். மண் கலந்த சிவப்பு. இரத்தம் அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இடம் கார்த்தூம். சூடான் நாட்டின் தலைநகரம். ரமலான் மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, ராணுவமும் துணைப்படையும் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. நடுவில் நாங்கள் இருந்தோம்.

என் பெயர் செல்வராசு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் பக்கம் போர் என்றால் கிணறுதான். "போர் போட்டாச்சா?" என்று கேட்டால் தண்ணீர் வந்ததா என்று அர்த்தம். அந்த வேலைக்குத்தான் ஆப்பிரிக்கா போனேன். இளவயதில் போனவன். நரைத்த பிறகுதான் திரும்பினேன்.

சண்டை தொடங்கிய இரண்டாம் நாளே குழாய்கள் வறண்டுவிட்டன. மின்சாரம் இல்லை. எங்கள் கம்பெனி யார்டில் ரிக் நின்றது. பேரல்களில் டீசல் இருந்தது. மஹ்ஜூப்தான் சொன்னான்.

"தெருவே தண்ணியில்லாம கெடக்குது. நம்மகிட்ட ரிக்கு இருக்குது. என்னங்கண்ணா பாத்துட்டு இருக்கறது?"

யார்டுக்குள்ளேயே போர் போட்டோம். தண்ணீர் வந்தது. கேட்டைத் திறந்து வைத்தோம். குடமும் டின்னுமாக ஆட்கள் வந்தார்கள். சூடான்காரர்கள். எரித்ரியாவிலிருந்து தப்பி வந்தவர்கள். தென் சூடான், சாட், எத்தியோப்பியா. ஒரே வரிசை. மஹ்ஜூப் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்த்தது அன்றுதான் கடைசி. மறுநாள் குழியைக் கழுவிவிடக் கம்ப்ரஸரைப் போட்டோம். அப்போதுதான் குண்டு விழுந்தது.

டெஸ்ஃபாய் எரித்ரியாக்காரர். வெல்டர். தன் நாட்டை விட்டு ஓடி வந்து சூடானில் ஒதுங்கியவர். அவரை யார்டிலேயே புதைத்தோம். அந்த ஈர மண்ணில். மஹ்ஜூப் முஸ்லிம். டெஸ்ஃபாய் கிறிஸ்தவர். நான் திருச்செங்கோட்டு மலையைக் கும்பிடுகிறவன். யாருக்கும் அவர் மதத்துப் பிரார்த்தனை தெரியாது. மூன்று கைப்பிடி மண் போட்டோம்.

மஹ்ஜூபைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் சூடான்காரன். சிவில் எஞ்சினியரிங் படித்தது எங்கள் நாமக்கல் மாவட்டத்தில். குமாரபாளையத்தில் வாடகைக்கு இருந்தான். கீழே விசைத்தறி ஓடும். மேலே ஒரே அறை. நான்கு பையன்கள், நான்கு நாடு. சூடான், ருவாண்டா, உகாண்டா, தான்சானியா. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசித்தான் தமிழ் கற்றதாகச் சொல்வான். அதனால்தானோ என்னவோ அவன் எப்போதும் உரக்கப் பேசினான். எங்கள் கம்பெனிக்கு அவன்தான் சைட் மேனேஜர். மொழிபெயர்ப்பாளனும் அவன்தான்.

"ஆப்பிரிக்காவ நான் குமாரபாளையத்துலதாங்கண்ணா பாத்தேன்" என்பான். "எங்க ஊர்ல இருந்த வரைக்கும் பக்கத்து நாட்டுக்காரன் மொகத்தையே பாத்ததில்லீங்க. அங்க வந்துதான் நாலு பேரும் ஒரே குண்டால சோறு தின்னோம்."

இன்னொன்றும் அடிக்கடி சொல்வான். நாமக்கல் லாரியைப் பற்றி. முன்னால் 'நேஷனல் பர்மிட்' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு பர்மிட்டில் லாரி காஷ்மீர் வரை போய்த் திரும்பும். அவனுக்கு அது பெரிய அதிசயம். ஆப்பிரிக்கா முழுவதற்கும் அப்படி ஒரு பர்மிட் வேண்டும் என்பான். வண்டிக்கும் மனிதனுக்கும். பர்மிட் வந்துவிட்டால் வியாபாரம் வரும், வியாபாரம் வந்துவிட்டால் துப்பாக்கி தானாகக் கீழே இறங்கும் என்பான். சிரிக்க மாட்டேன். நானே பார்த்தவன். துறைமுகத்தில் இறக்கிய ரிக்கை உள்நாட்டுக்குக் கொண்டுபோக ஒவ்வொரு எல்லையிலும் வாரக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறேன். எல்லைத் தடுப்புக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் பேசும் மொழியைத்தான் அந்தப் பக்கமும் பேசினார்கள். ஆனாலும் கம்பம் ஏறாது.

அவன் வெறுமனே பேசியவனும் இல்லை. சண்டைக்கு முன்பு கிழக்கு எல்லையோரம் ஒரு கிணறு போட்டோம். இரண்டு நாட்டு மேய்ச்சல்காரர்கள் தண்ணீருக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இடம். எங்கே தோண்டுவது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசினான். தண்ணீர் வந்தது. பம்பு மாட்டினோம். அடுத்த தடவை போனபோது பம்பைச் சுற்றி வெங்காயக் கடை, டீக்கடை, ஆட்டுச் சந்தை. இரண்டு நாட்டுப் பெண்களும் ஒருவர் குடத்தை ஒருவர் தூக்கிவிட்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நடந்தது. கொஞ்ச காலம் நடந்தது.

டெஸ்ஃபாயைப் புதைத்த மறுநாள் ஆயுதக்காரர்கள் யார்டுக்கு வந்தார்கள். ரிக்கை எடுத்துக்கொண்டார்கள். டீசலையும். பழைய பிக்கப் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் கிளம்பினோம். நான். மஹ்ஜூப். அவன் மனைவி ஹிபா. மகள் லீனா. ஆறு வயது. அவளுக்குச் சர்க்கரை நோய். சின்னக் குழந்தையிலேயே வந்தது. தினமும் இன்சுலின் ஊசி. ஃபிரிட்ஜ் நின்றுபோனதால் மருந்துக் குப்பிகளை மண்பானைக்குள் வைத்து ஈரச் சாக்கு சுற்றியிருந்தோம். வழியெல்லாம் அந்தப் பானை என் மடியில்.

கிழக்கே போகிறோம். சாலையோரம் எரிந்த பஸ்கள். டயர் வெடிக்கும் சத்தம். துப்பாக்கிச் சத்தம் வேறு. டயர் ஒரு தடவைதான் வெடிக்கும்.

ஒரு தடுப்பில் இறக்கினார்கள். சீருடையில் பாதி, சாதா உடுப்பில் பாதி. எல்லாம் சின்னப் பையன்கள், துப்பாக்கியோடு. ஒருவன் பானையைப் பிடுங்கினான். தங்கம் இருக்கிறதா என்று கவிழ்த்தான். குப்பிகள் கல்லில் விழுந்தன. ஒன்று மட்டும் உடையவில்லை. அதிலும் பாதிதான் மருந்து. ஹிபா மண்டியிட்டு ஈரத் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். மஹ்ஜூப் அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். 

அன்றிலிருந்து லீனாவுக்குப் பாதி ஊசி. பிறகு அதிலும் பாதி.

நாங்கள் போட்ட எல்லைக் கிணற்றைத் தாண்டித்தான் போனோம். மஹ்ஜூப் வண்டியை நிறுத்தினான். பம்பு இல்லை. பிடுங்கிவிட்டிருந்தார்கள். குழிக்குள் கற்கள். கடைகள் இருந்த இடத்தில் கரி. மஹ்ஜூப் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பார்த்தான். வண்டியை எடுத்தான்.

எல்லை. அந்தப் பக்கத்து நாட்டின் பெயரை எழுதவில்லை. எந்த எல்லையில் நின்றிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வறண்ட ஓடை. குறுக்கே சின்னப் பாலம். நடுவில் ஒரு இரும்புக் கம்பம். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் சனம். வெயில். அந்தப் பக்கம் வேப்பமரம் மாதிரி ஒரு மரத்தடியில் நம் நாட்டு அதிகாரி ஒருவர் இந்தியர்களுக்காகக் காத்திருந்தார். என் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முத்திரை விழுந்தது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டப். அவ்வளவுதான்.

மஹ்ஜூபின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விசா வேண்டும். விசா அந்த நாட்டுத் தலைநகரத்தில்தான் கிடைக்கும். தலைநகரத்துக்குப் போக விசா வேண்டும்.

கடல் தாண்டி வந்தவன் நான். எனக்குக் கம்பம் தூக்கினார்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவன் அவன். அவனுக்குத் தூக்கவில்லை.

லீனா என் தோளில் இருக்கிறாள். மூச்சு வேகமாக வாங்குகிறது. வாயில் அழுகிய பழத்தின் வாசம். தண்ணீர், தண்ணீர் என்கிறாள். "குடி சாமி" என்று தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அவள் அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவான். பிள்ளையை மட்டும் எடுத்துப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். உன் பிள்ளையா என்றார்கள். ஆமாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். ஹிபாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"நீங்க போங்கண்ணா" என்றான் மஹ்ஜூப். "அக்கட்டால டவுன்ல மருந்து கெடைக்கும். வாங்கிட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கறோம்."

"வாரேன் சாமி" என்றேன்.

போனேன். முதல் ஊரில் கிடைக்கவில்லை. அடுத்த ஊருக்கு வேன். மலைப்பாதை. அங்கே கிடைத்தது. ஐஸ் டப்பாவில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் திரும்பி வந்தால் பாலம் மூடிக் கிடக்கிறது. எதிர்க்கரையில் துப்பாக்கிச் சண்டை. டுக் டுக் டுக். நிறுத்தி நிறுத்தி. காவலனிடம் டப்பாவைக் காட்டினேன். குழந்தைக்கு மருந்து என்றேன். நாட்டுக்கு வெளியே மருந்து கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும் என்றான். நான் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றும் சொன்னான். பரவாயில்லை என்றேன். கம்பத்துக்கு அடியில் குனிந்தேன். துப்பாக்கிக் கட்டையால் முதுகில் அடித்தான். பலமாக அடிக்கவில்லை. அவனுக்கும் இஷ்டமில்லை என்று தெரிந்தது. இஷ்டமில்லாமலேயே அடித்தான்.

ஐஸ் கரைகிறது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கும் மறுநாள் சத்தம் ஓய்ந்தது. ஓடைக்கரைக்கு ஓடினேன்.

"மஹ்ஜூப்! மஹ்ஜூப்!"

கூட்டத்திலிருந்து வந்தான். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவன் ஓடி வரவில்லை. நடந்து வந்தான். கைகளில் மண். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கரையில் நின்றான். எப்போதும் உரக்கப் பேசுகிறவன். அன்று அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு கையை அசைத்தான். போங்க, போங்க என்று.

அந்த மருந்தை அங்கே ஒரு டீக்கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். யாராவது வருவார்கள், கொடுத்துவிடுங்கள் என்றேன். சைகையில்தான். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

ஊருக்கு வந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் பிழைத்தது புண்ணியம் என்றார்கள். என் மனைவி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது தட்டைப் பக்கத்தில் தள்ளுவாள்.

"ஏனுங்க, சித்த சாப்புடுங்க. நீங்க பட்டினி கெடந்தா அந்தப் புள்ள எந்திரிச்சு வந்துருமாங்க?"

இப்போது உள்ளூரிலேயே ரிக் வேலை. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். கம்ப்ரஸரைப் போட்டதும் வானத்தைப் பார்க்கிறேன். வேலையாட்கள் மழை வருமா என்று பார்க்கிறேன் என நினைக்கிறார்கள்.

மஹ்ஜூபிடமிருந்து கொஞ்ச நாள் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. முகாமில் இருக்கிறேன் என்றான். கண்டத்து நாடுகளின் தலைவர்கள் கூடிப் பேசுகிறார்களாம் என்று ரேடியோவில் கேட்டதாகச் சொன்னான். கூடுகிறார்கள், கலைகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள் என்றான். கடைசியாக வந்த குரலில், "இவங்க சேர மாட்டாங்கண்ணா. நாஞ் சொன்னதெல்லாம் பொய்யிங்க. லீனாவுக்குச் சொன்னதும் பொய்யி" என்றான். அவளுக்கு என்ன சொல்லி வைத்திருந்தான் என்று கேட்டு அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றுவிட்டது. இன்று வரை ஒரு டிக்தான்.

போன மாதம் குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆப்பிரிக்க மாணவர்கள் தங்கள் கண்டத்து நாள் என்று விழா எடுத்தார்கள். நான் ஆப்பிரிக்காவில் வேலை செய்தவன் என்று கேள்விப்பட்டுப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். வரிசையாகக் கொடிகள். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தோளோடு தோள் சேர்ந்து பாடினார்கள். அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். நல்லா இருங்க சாமிகளா என்றேன். இறங்கிவிட்டேன். பேச முடியாததைத்தான் எழுதியிருக்கிறேன்.

எண்ணிச் சொல்கிறேன். டெஸ்ஃபாய் இறந்தார். அவர் வீட்டுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு விலாசம்கூட இல்லை. யார்டில் போட்ட கிணறு என்ன ஆனது என்று தெரியாது. எல்லைக் கிணறு போனது. அதைச் சுற்றி வந்த சந்தையும், குடம் தூக்கிவிட்ட அந்தப் பெண்களும். ஹிபா பிள்ளையைப் புதைத்த இடத்தை விட்டு வர மறுத்தாள் என்று மஹ்ஜூப் சொன்னான். அதற்குப் பிறகு அவளைப் பற்றிச் செய்தி இல்லை. மஹ்ஜூப் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. பிக்கப்பில் ஏறியவர்களில் ஊர் திரும்பியவன் நான் ஒருவன்தான்.

லீனா இறந்தாள். அவள் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை.