ஐந்நூறு யூனிட்டுக்குள்

ஃப்ரிட்ஜ் கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, மேடம். நான் எண்ணினேன். எங்கள் வீட்டில் நாற்பத்தொன்று. அதில் பாதி, உள்ளே என்ன இருக்கிறது என்று சும்மா பார்ப்பதற்கு.

என் பெயர் கொளஞ்சியப்பன். மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. குடிகாட்டில் ஒரு கம்பெனியின் எடைமேடையில் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. மனைவியைக் கை நீட்டி அடித்தவனும் இல்லை. இளவரசி இந்த ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்த புகாரில் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான். வரிசை மட்டும் முன்பின்னாக இருக்கிறது. அதனால் நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டுக்குள் ஓடினால் கரண்ட் பில் ஒரு மாதிரி வரும். ஐந்நூற்றைத் தாண்டினால், முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். போன கோடையில் நாங்கள் ஐந்நூற்று நான்கு. அந்த நான்கு யூனிட்டை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நாள் மிக்ஸியில் சட்னி அரைக்காமல் இருந்திருந்தால், ஒரு சனிக்கிழமை இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் இருந்திருந்தால் என்றே நினைப்பு ஓடும்.

ஆகவே இந்த வருடம் தை மாதமே ஆரம்பித்துவிட்டேன். பல்பு எல்லாம் மாற்றினேன். ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். ஏசி ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். இதெல்லாம் குடும்பஸ்தர்கள் செய்வதுதான்.

மாசியில் மச்சான் செந்தமிழ்செல்வன் போன் செய்தான். இளவரசியின் தம்பி, சிதம்பரத்தில் இருக்கிறான்.

“மாமா, வெயிலு இப்பவே ஜாஸ்தியா கெடக்கு. எங்க வூட்டு ஏசியும் அவுட்டு. அம்மாவ கூட்டிக்கிட்டு நாங்க நாலு பேரும் அங்க வந்துடுறோம். ரெண்டு மாசம் ஜாலியா இருக்கலாம்.”

“வாங்க மச்சான், எல்லாரும் வாங்க,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். அறுநூற்று எண்பது வந்தது. வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை. அவர்களே வராமல் இருக்க வேண்டும். அப்படி யோசித்துக்கொண்டு போனபோதுதான் அம்மை ஞாபகம் வந்தது. அம்மை போட்ட வீட்டுக்கு உறவுக்காரர்கள் வர மாட்டார்கள். தாளிதம் கிடையாது, இஸ்திரி கிடையாது, டிவி சத்தம் கூடாது, ஏசி பக்கமே போகக் கூடாது. கரண்டை மிச்சம் பிடிக்க இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை எந்த இன்ஜினியரும் யோசித்திருக்க மாட்டார்.

மகள் வெண்மதியின் மெகந்தி கோன் மேஜையில் இருந்தது. முகத்தில் ஆறு, நெஞ்சில் இருபது, கைகளில் பத்துப் பத்து என்று புள்ளி வைத்துக்கொண்டேன். மெகந்தி நல்ல பொருள், மேடம். முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், அப்புறம் தானாக மங்கும். அம்மையும் அப்படித்தான். வாசலில் வேப்பிலை செருகியதும் யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. அம்மனை உற்றுப் பார்க்கக் கூடாதல்லவா.

வெண்மதி சிதம்பரத்தில்தான் கல்லூரி படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவளை, தொற்றிவிடும் என்று அங்கேயே தாய்மாமன் வீட்டில் தங்க வைத்தோம். இளவரசி மட்டும் என்னோடு இருந்தாள். பதினோரு நாள் உப்பு குறைத்த சோறு தின்றாள். வெறுந்தரையில் படுத்தாள். பகல் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினாள். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த விசிறலுக்கு யூனிட் கிடையாது.

இங்கே உங்கள் ஸ்டேஷனில், அந்த மூலையில் ஓடுகிற ஃபேனுக்குக் கீழே யாரும் இல்லை, மேடம். சும்மா சொன்னேன்.

மாமியார் ஞானாம்பாளுக்கு வயது அறுபத்தெட்டு. மூன்றாம் நாள் போனில் அழுதார்.

“மாப்ள, நீங்க எழுந்து நடமாடினா அதுவே போதும். பங்குனில எங்க தெரு மாரியாத்தாவுக்கு நான் தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“இந்த வயசுல எதுக்கு அத்தை?” என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அத்தை வர மாட்டார். அத்தை இல்லாமல் மச்சானும் வர மாட்டான். துணைக்கு இளவரசியும் அங்கே போய்விட்டாள். அந்தப் பத்து நாளில் என் மீட்டர் ஓடியது மொத்தம் ஒன்பது யூனிட்.

தீமிதி அன்று நானும் போக வேண்டியிருந்தது. தழும்பே இல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று கையில் நான்கு புள்ளியைத் தொட்டு வைத்துக்கொண்டு போனேன். அத்தை மஞ்சள் புடவையில் குழியில் இறங்கினார். விறுவிறுவென்று நடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாதியில் நின்றுவிட்டார். கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று அம்மனைக் கும்பிட்டார். கால் வெந்தது அந்த நிற்பில்தான்.

அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டீர்கள். மறைக்கவில்லை. அந்தக் குழியின் சூட்டில் ஒரு குடும்பம் ஆறு மாதம் வெந்நீர் போட்டுக் குளிக்கலாமே என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாதத்தைச் சுத்தம் செய்ய வந்தார். அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

“என் காலு கெடக்குது டாக்டரு. மொதல்ல எங்க மாப்ளய பாருங்க. அம்மை போட்டு எழுந்தவரு, ஒடம்பு இன்னும் தேறல.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். டாக்டரம்மா என் சட்டைக் கையை மடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

“சார், இது மெகந்தி.”

இளவரசி என் கையைப் பார்த்தாள். வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னாங்க இது?” என்றாள் இளவரசி.

“இதுவரைக்கும் எரநூத்திப் பத்துதான் ஓடியிருக்கு, இளவரசி,” என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அத்தைதான் பெரிய மனுஷி. “அப்ப மாப்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லையா? ஆத்தா காப்பாத்திட்டா,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாதிக்கப்பட்டவரே அப்படிச் சொன்ன பிறகு இதில் வழக்கு என்று என்ன இருக்கிறது?

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குடும்பத்துக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இளவரசி இனிமேல் என்னோடு வாழ மாட்டேன் என்கிறாளாம். வெண்மதியும் அம்மா பக்கமாம். நான் வற்புறுத்தப் போவதில்லை, கோபம் ஆறட்டும். ஆனி வரைக்கும் ஆறாமல் இருந்தால்கூட நல்லதுதான், அதற்குள் இரண்டு மீட்டர் ரீடிங் தாண்டிவிடும்.