டெஸ்ட் வேண்டாத மாத்திரை

தம்பி: ...அப்பாவோட மாத்திரையில பாதி அட்டை மிச்சம் இருக்கே. இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடவா?

அக்கா: யார் தலையில கட்டப் போற?

தம்பி: அழிக்கிறதுக்குக் கேட்டேன்! மருந்துக்கடை வெச்சிருக்கிறவன்னா உனக்கு இளக்காரம்தான்.

அக்கா: சரி சரி, கோவிச்சுக்காதே. அப்பா போயி ஒரு மாசம் ஆகப் போகுது, இன்னும் இந்த அலமாரியே காலியாகல. இங்க பாரு, அவரோட நோட்டு.

தம்பி: பழைய மாத்திரை சாப்பிட்டப்போ எழுதினது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அது சரியா இருக்கான்னு பார்க்க மாசா மாசம் ஊசி குத்தி ரத்த டெஸ்ட்.

அக்கா: "இன்று இரண்டு புள்ளி நான்கு. நர்ஸுக்குக் கை நடுக்கம்." ...இதையுமா எழுதுவாரு!

தம்பி: அடுத்த பக்கம் பாரு. "மூன்று தடவை குத்தினாள். நரம்பு ஒளிந்துகொண்டது."

அக்கா: பாவம்டா...

தம்பி: அதனாலதானே டாக்டர்கிட்ட சொல்லி புது மாத்திரைக்கு மாத்தினேன். ஊசி கிடையாது, பத்தியம் கிடையாது...

அக்கா: அளந்து பார்க்காம கூடுதா குறையுதான்னு எப்படித் தெரியும்னு அப்பவே கேட்டேன்.

தம்பி: ஆயிரம் பேர் அளக்காமத்தான் சாப்பிடுறாங்க. நல்லாத்தான் இருக்காங்க.

அக்கா: ஆயிரம் பேருக்குமா எண்பத்துமூணு வயசு? ஆயிரம் பேருமா நாப்பத்தொரு கிலோ?

தம்பி: நோட்டைக் கொடு, மூடி வைக்கிறேன்.

அக்கா: சண்டைக்கு இழுக்கலடா.

தம்பி: அன்னிக்கும் இதையேதான் கேட்ட. "நீ கணக்கு டீச்சர், கணக்கை மட்டும் பாரு"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்.

அக்கா: விடு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சதுக்கு மாத்திரைதான் காரணம்னு டாக்டரே அடிச்சுச் சொல்லல. "இருக்கலாம்"னுதானே...

தம்பி: அக்கா, ஒண்ணு சொல்லணும்.

அக்கா: சொல்லு.

தம்பி: பொதுவா டெஸ்ட் வேண்டாம்னுதான் டாக்டர் சொன்னாரு, அது பொய் இல்ல. ஆனா... "இவருக்குக் கிட்னி மந்தம், மருந்து உடம்புலயே தங்கிடலாம். ஒரு தடவை ரத்தத்துல அளவு பார்த்துடுங்க"ன்னு சீட்டும் எழுதிக் கொடுத்தாரு.

அக்கா: எப்போ?

தம்பி: மூணு மாசம் முன்னாடி. வெளிய வந்ததும் அப்பா முழங்கையை நீவிக்கிட்டே, "இனி ஊசி இல்லதானே?"ன்னாரு. இல்லப்பான்னுட்டேன். சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து, துவைச்சதுல கூழாயிடுச்சு. உன்கிட்ட சொன்னா நீ சொன்னது சரின்னு ஆயிடுமேன்னு... வாயைத் திறக்கல. திட்டுக்கா. ரெண்டு அறை கூட விடு. இப்படி உக்காந்திருக்காதே.

அக்கா: எந்த வாயால திட்டுவேன்?

தம்பி: என்னக்கா...

அக்கா: கடைசியா என் வீட்டுல பத்து நாள் இருந்தாரே, அப்போ நான் அந்த டெஸ்ட்டை எடுத்துட்டேன். "தம்பிகிட்ட சொல்லிடாதேம்மா, வருத்தப்படுவான்"னு அவரே கையை நீட்டினாரு.

தம்பி: ரிசல்ட்?

அக்கா: அவரு உன் வீட்டுக்குத் திரும்பின மறுநாள், வியாழக்கிழமை வந்துச்சு. ரத்தத்துல மருந்து இருக்க வேண்டியதுல ரெண்டு மடங்குக்கு மேல.

தம்பி: வியாழக்கிழமையா? ரத்தம் கசிஞ்சு அவரு விழுந்தது ஞாயித்துக்கிழமை காலையில! மூணு நாள்... ஒரு போன் போட்டிருந்தா மாத்திரையை நிறுத்தியிருப்பேனே!

அக்கா: ஞாயித்துக்கிழமை மதியம் குடும்பமே கூடுறதா இருந்துச்சே... அத்தனை பேருக்கு நடுவுல அந்த ரிசல்ட்டை உன் கையில கொடுத்து, உன்னைத் தலைகுனிய வைக்கணும்னு கைப்பைக்குள்ளேயே வெச்சிருந்தேன்டா.