மூன்றாவது பிளக்கின் மரை

ஆம்னி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தால் கொஞ்ச தூரத்திலேயே தொடை சுட ஆரம்பிக்கும். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அப்படி. என் மனைவி வேதா ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். வண்டியைப் பற்றி நீங்கள் கேட்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன், சார்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் என் மெக்கானிக் ஷெட். வேதாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தப் பழைய வேனைத் தேடிப் பிடித்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தவனும் நான்தான். இரண்டாயிரத்து ஆறில் பள்ளிக்கூடம் திறந்ததும், செம்பாக்கம், அஸ்தினாபுரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். நன்றாகவே ஓட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், விசாரித்துப் பாருங்கள்.

முன்பெல்லாம் மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு ஷெட்டுக்கு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து கதை பேசுவாள். வேன் வந்தபிறகு கேரியரை வைத்துவிட்டு, "யுகேஜி விட்டுடுவாங்க, வரேங்க" என்று ஓடிவிடுவாள். சமையலில் ஒரு குறையும் இல்லை. தனியாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்து எல்லாரையும் பற்றிச் சொல்லுவாள். அதில் அஃப்தாப்பின் பெயர் அடிக்கடி வரும். அஸ்தினாபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். அவன் பெண்ணும் இவள் வேனில்தான் போகும். தினமும் கடை வாசலில் நின்று அதை ஏற்றிவிடுவான். பாய் அப்படிச் சொன்னார், பாய் இப்படிச் சொன்னார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் வேன் அவன் கடைக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. அவன் சீட்டைத் தூக்கி, மூன்றாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதிது போட்டுக் கொடுத்திருக்கிறான். "பாவங்க, சட்டையெல்லாம் கரி ஆக்கிக்கிட்டு மாத்திக் குடுத்தாரு" என்றாள் வேதா. நான் திறந்து பார்த்தேன். பிளக்கை முதலில் விரலால் திருகி இறக்க வேண்டும், ஸ்பானர் கடைசியில்தான். அவன் சூடான எஞ்சினில் எடுத்த எடுப்பிலேயே ஸ்பானரைப் போட்டிருக்கிறான். பிளக் கோணலாக இறங்கி, அது திருகி நிற்கிற துளையின் அலுமினிய மரையைத் தின்றிருந்தது. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த எஞ்சினில் இன்னொருவன் கை பட்டிருந்தது.

போய்க் கேட்டேன். "வண்டி நடு ரோட்ல நின்னுகினு கீது, உள்ள கொயந்தைங்க அழுவுது. நான் இன்னாண்ணா பண்ணட்டும், வேடிக்க பாக்கட்டுமா?" என்றான். அவன் மனைவி சோயா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். "எஞ்சினு உன்னுதுதாண்ணா, நான் ஒண்ணும் தூக்கினு பூடல" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். டீ நன்றாக இருந்தது.

போன மரையைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டவேண்டும். மரை வெட்டுகிற கருவியான டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் சிலிண்டருக்குள் விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு, உள்ளும் வெளியும் மரை உள்ள ஒரு சின்ன புஷ்ஷைப் பசை தடவி உள்ளே இறக்கவேண்டும். பசை இறுகிவிட்டால் வண்டி இருக்கும்வரை அது அசையாது. நான் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். பசை மட்டும் தடவவில்லை.

அது கழன்றது ராஜகீழ்ப்பாக்கத்தில். "என்னங்க, வண்டி டப்பு டப்புன்னு அடிக்குது. சீக்கிரம் வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று போன் செய்தாள். நான் போய்ச் சேரும்போது ரோட்டோரம் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படித் தேடி நான் பார்த்ததில்லை.

"உன் பாய் கைவைச்ச இடம்தான் மறுபடி போச்சு" என்றேன்.

"விடுங்க. நல்லதுக்குத்தானே செஞ்சாரு."

அந்த 'விடுங்க' எனக்குப் பிடிக்கவில்லை. புது புஷ் போட்டேன், மறுபடியும் பசை இல்லாமல். அதுவும் கழன்றது. மறுபடி போன் வந்தது, மறுபடி போனேன். அவளுக்கு நான் தேவைப்பட்டேன். அதை அவளுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கடைசி முறை வேலை செய்தபோது பக்கத்திலேயே பெட்ரோல் குழாயின் மூட்டில் ஈரம் தெரிந்தது. அடுத்த முறை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று சீட்டை மூடினேன். அடுத்த முறை ஒன்று வரும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த அடுத்த முறையும் வந்தது. அஃப்தாப்பின் பெண்தான் அன்று மாலை கடைசியாக இறங்கிய பிள்ளை. வண்டி கிளம்பி அவன் கடையைத் தாண்டுவதற்குள் பிளக், புஷ்ஷோடு தெறித்துவிட்டது. சிலிண்டரிலிருந்து சீறிய நெருப்பு கசிந்த பெட்ரோலில் பற்றியது. பிள்ளைகள் உள்ளே இருந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எரிந்த எஞ்சினைப் பார்த்த உங்கள் ஆள், புஷ்ஷில் பசை வைத்த அடையாளமே இல்லை என்றாராம். சரியாகப் பார்த்திருக்கிறார்.

வேதாவை வெளியே இழுத்துப் போட்டவன் அஃப்தாப். இரண்டு கையிலும் கட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "அக்கா எப்பிடி கீறாங்கண்ணா?" என்று அழுதான். என் மனைவியை நடுத்தெருவில் இரண்டு கையாலும் தூக்கியிருக்கிறான். நியாயமாகப் பார்த்தால் நான் அதைப் பற்றித்தான் புகார் கொடுத்திருக்கவேண்டும். பெரிதுபடுத்தவில்லை.

வேதாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் காயம். குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நான்தான். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நர்சம்மாவே சொன்னார். வேதா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போது பேச முடியாத வலி.

போன வாரம் வீட்டுக்கு அனுப்பும்போது வாக்கர் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசல் கேட்வரை போய்விட்டாள். வெளியே சோயா நின்றிருந்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்ததும், "கால் சரியானதும் மறுபடி ஒரு வேன் எடுக்கணுங்க" என்றாள் வேதா. எடுக்கலாம் என்றேன்.

எனக்கென்னவோ அந்த வாக்கரில் ஒரு கால் ஆடுகிற மாதிரி பட்டது. விழுந்துவைக்கப் போகிறாளே என்று ஷெட்டுக்கு எடுத்துவந்து கழற்றிப் போட்டேன். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பியபோது அது அப்படியே கிடந்தது. வீட்டில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள், சார். நான் வந்து சரிசெய்து தருகிறேன், அதுவரை படுத்திருக்கட்டும், வேறு யாரும் அதைத் தொடவேண்டாம்.