பௌர்ணமி ஹவுஸ்ஃபுல்

...இதுக்குப் பேரு கம்பெனியாம்மா? நீயே சொல்லு. வெளிய இந்த சினிமா கொட்டாயி கேட்டுக்கு மேல "ஆதிலட்சுமி பிலிம்ஸ்"னு செவப்பு எழுத்துல ஒரு போர்டு பாத்தியா? அந்த ஆதிலட்சுமி நான்தான். பேரு மட்டுந்தான் என்னுது. மிச்சம் கூத்து, பேஜாரு எல்லாம் எங்க ஊட்டுக்காரருது... அட, எழுந்துக்காத, எழுந்துக்காத! வெறுங்காலோட மலைய சுத்திட்டு வந்திருக்க. கால தூக்கி முன்சீட்டு மேல வெச்சுக்க. அங்க படுத்திருக்கிற அய்யா ஒண்ணும் சொல்லமாட்டாரு. அவருக்கு அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ளயே பாதி உசுரு போயிருக்கும். கொறட்ட கேக்குதில்ல? படம் ஓட்டற மிஷினே தோத்துச்சு போ!

எதுல உட்டேன்... ஆங், கம்பெனி. எங்க ஊட்டுக்காரரு பேரு முருகவேலு. சொன்னா இன்னா, இருட்டுதான, யாருக்குத் தெரியப்போவுது! கீழ்பென்னாத்தூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற கட வெச்சிருந்தாரு. நல்ல கட. பம்ப்செட்டு எரிஞ்சிபோச்சுன்னா சுத்துப்பட்டு விவசாயிங்க எல்லாம் இவருகிட்டதான் ஓடியாருவாங்க. அத உட்டுட்டு சினிமா கம்பெனி. படம் எடுக்கறது இல்லம்மா, அதுகூட பரவால்ல, நாலு பேரு மொகமாச்சும் தெரியும். இது யாரோ எடுத்த படத்த வாங்கியாந்து ஊரூரா கொட்டாயில போடவெக்கிற வேல. பெரிய ஹீரோ படமெல்லாம் பெரிய கைங்க எடுத்துனு போயிடும். யாரும் தொடாத படம் இருக்கும் பாரு... பாட்டு கெடையாது, ஃபைட்டு கெடையாது, பேச்சே ரவோண்டுதான்... அதப் பாத்தா இவருக்கு உசுரு. "இதுதான் லட்சுமி சினிமா"ம்பாரு. எனக்கு வர்ற கோவத்துக்கு...

இன்னாம்மா இந்தப் பக்கம் சாயற? இடுப்பு புடிச்சிக்கிச்சா? ஆவும் ஆவும். ரோடு போட்டு வெச்சிருக்கிற லட்சணத்துக்கு எல்லாம் ஆவும்.

மொத படம் எரும படம். ஒரு கெழவனோட எரும காணாப் போயிடுது, தேடறான். படம் பூரா தேடறான். கெடச்சுதா இல்லியான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. எந்தக் கொட்டாயிலயும் சேக்கல. இந்தக் கொட்டாய்க்காரரு ராஜேந்திரன் ஒருத்தருதான், "யோவ், பௌர்ணமி அன்னிக்கி என் கொட்டாயி ஈ ஓட்டும். ஜனம் மலைய சுத்துமா, படம் பாக்குமா? அன்னிக்கி வேணா உன் எருமய கட்டிக்கோ"ன்னாரு. காலைக் காட்சி போட்டோம். எவன் வரப்போறான்னு நான் வாசல்ல ஒக்காந்து பூ கட்டிக்கினு இருக்கேன்... திமுதிமுன்னு வருது கூட்டம்! சித்தூரு, கள்ளக்குறிச்சி, தருமபுரி... பையி, பாட்டிலு, கொழந்த குட்டியோட! ஹவுஸ்ஃபுல்! போர்டு எங்க வெச்சோம்னே தெரியல ராஜேந்திரனுக்கு. தேடி எடுத்து, ஒட்டட தட்டி மாட்டறாரு. எங்க ஊட்டுக்காரரு நடு ரோட்ல நின்னு மலையப் பாத்து கைய தூக்கிக் கும்புடறாரு, பின்னால பஸ்சுக்காரன் ஆரன் அடிக்கிறான், இவரு நவுரவே இல்ல!

அடுத்த பௌர்ணமி, ஊமப் பொண்ணு ஒருத்தி பான செய்யற படம். ஹவுஸ்ஃபுல். அதுக்கடுத்தது, மழ பேஞ்சிக்கினே இருக்கிற படம், வேற ஒண்ணுமே இல்ல, மழதான். அதுக்கு நின்னுக்கினே பாக்கறோம்னு சண்ட போட்டாங்கம்மா!

உள்ள யாராச்சும் போயி பாத்தோமான்னு கேளு. போவக்கூடாது! ராசி! படம் ஓடறப்ப எங்காளுங்க யாரும் கதவத் தொறந்தா ராசி போயிடும்னு இவரு ஒரு சட்டம் போட்டுட்டாரு. கதவாண்டயே சாமி மாதிரி நிப்பாரு. மழ படத்த எடுத்த பையன் மெட்ராஸ்லேந்து தாடியோட வந்தான். கதவுல காத வெச்சு கேட்டுட்டு, "சார், கொர்ருனு ஒரு சத்தம் வருதே, ஸ்பீக்கரு கெட்டுப்போச்சா?"ன்னான். எங்க ஊட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? "தம்பி, அது ஜனங்க உருகறது." அந்தப் பையன் கண்ணு கலங்கி இவரு கால்ல உழுந்துட்டான்! நானும் சேந்து அழுதேன். எனக்கு இன்னா தெரியும்!

அவ்ளோதான், இவருக்குத் தலைக்கி ஏறிடுச்சு. போளூர் ரோட்ல ஆபீசு. சுத்தற சேரு. வளவன்னு ஒரு மேனேஜரு, அவனுக்கு ஒரு டை! மெட்ராஸ்ல எவனும் வாங்காத படம் எல்லாம் எங்க வாசல்ல லைன் கட்டி நிக்குது. "திருவண்ணாமலைக்காரங்களோட ரசன எங்கியுமே இல்ல"ன்னு ஒருத்தரு பேப்பர்லயே எழுதிட்டாரு. எங்க நாத்தனாரு, கல்யாணத்தும்போது என்ன ஏற எறங்க பாத்தவ, போன் போட்டு "அண்ணி, நல்லாருக்கீங்களா அண்ணி"ங்கறா! அந்த ஒண்ணுக்காச்சும் கம்பெனி நல்லா இருந்திருக்கணும்மா.

அதே படத்த ஆரணி, செய்யாறு, வேலூரு எல்லாம் போட்டோம். ஈ, காக்கா இல்ல. வளவன் டைய அவுத்துக்கினு நிக்கறான். இவரு இன்னாங்கறாரு, "ஆரணிக்காரனுக்கு பட்டு தெரியும், அரிசி தெரியும், எரும தெரியுமா?"ன்றாரு. ஊர திட்டனாரே தவிர யோசிக்கல.

தெரையில அந்தப் பொம்பள இன்னும் கெணத்தடியிலயேதான் நிக்கறா பாரு. எடுக்கறானுங்க பாரு படம்... அட, கண்ணுல தண்ணி வருதே உனக்கு! கால் அவ்ளோ நோவுதா? கொப்புளமா? தைலம் தரட்டா? வேணாமா? சரி, வாயத்தொறந்து சொல்லாம தலய ஆட்டற, நீயும் நல்ல பொண்ணுதான்.

அப்பறம் வளவன் சொன்னான், "சார், ஒரு ஃபைட்டு படம் வாங்கிப் போடுவோம். எரும படத்துக்கே ஹவுஸ்ஃபுல்னா இதுக்கு கூர பிச்சிக்கும்"னு. வாங்கனாரு. இருந்த பணத்தயெல்லாம் கொட்டி, ஆறு ஊருக்கு சேத்து. பௌர்ணமி, காலைக் காட்சி, உள்ள ரொம்பி வழியுது. படம் போட்டு ரவ நேரம் இருக்கும், டமால்னு ஒரு லாரி வெடிக்குது. படத்துலம்மா! கதவு படார்னு தொறக்குது, உள்ள இருந்த ஜனம் மொத்தமும் வெளிய வருது! ஒருத்தரு துண்ட ஒருத்தரு கட்டிக்கினு, ஒருத்தரு பைய ஒருத்தரு தூக்கிக்கினு. சித்தூர்க்காரரு ஒருத்தரு, பெரிய மீச, நேரா எங்க ஊட்டுக்காரருகிட்ட வந்து, "இன்னாய்யா கம்பெனி நடத்தறீங்க? மலைய சுத்திட்டு வந்து ஏசியில நிம்மதியா தூங்க இது ஒண்ணுதான்யா எடம்! ஊரெல்லாம் சொல்லி ஆளு கூட்டினு வந்தா இப்படி அலறவெக்கிறியே! அந்த எருமயவே போடு!"ன்னு ஒரே ரகள.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சும்மா. அடக்கமுடியல. கம்பெனி போன துக்கம்கூட தெரியல, வவுத்தப் புடிச்சிக்கினு சிரிக்கறேன். ராஜேந்திரன் சிரிக்கறாரு, வளவன் சிரிக்கறான். திரும்பிப் பாத்தேன். அவரு சிரிக்கல. பாப்கார்ன் மிஷினாண்ட சின்னப் புள்ள கணக்கா நின்னுக்கினு, "அப்ப அந்த எருமய யாருமே பாக்கலியா லட்சுமி?"ங்கறாரு.

ஆபீசு போச்சு, சுத்தற சேரு போச்சு, நாத்தனாரு திரும்ப அவ வேலயக் காட்டிட்டா. அதெல்லாம் போவட்டும். இன்னிக்கி கடசியா இந்தக் கெணத்தடி படத்த போட்டுட்டு, மேல ஆபரேட்டரு ரூம்ல ஒக்காந்திருக்காரு. "ஒருத்தரு, ஒரே ஒருத்தரு முழிச்சிக்கினு பாத்தா நான் கம்பெனிய உடமாட்டேன். இல்லன்னா சாயந்திரம் போர்ட நானே கழட்டிடறேன்"ங்கறாரு. மேலேந்து பாத்தா தலதான் தெரியும், கண்ணு தெரியாது. அதான் "நீ போயி பாத்துட்டு வா"ன்னு என்ன தொரத்தி உட்டாரு. ராசியெல்லாம் போச்சே, இனிமே இன்னா! ஒவ்வொரு வரிசயா போயி மொகத்து கிட்டக்க குனிஞ்சி பாக்கறேன், அத்தினியும் தூங்குது. நீ ஒருத்திதான் கண்ணத் தொறந்துக்கினு இருந்த. சரி, பாவம், நோவுல தூக்கம் வரல, பேச்சுத் தொணையாச்சும் ஆச்சுன்னு ஒக்காந்தேன்.

கழட்டட்டும்! எனக்கும் தலவலி உட்டுது. திரும்ப காயில் கட்ட ஒக்காரட்டும்... ஆனா ஒண்ணும்மா. அந்தக் கடையில இருந்த மனுசன் பேசவே மாட்டாரு. சோறு போட்டா சாப்புடுவாரு, வெத்தல குடுத்தா மெல்லுவாரு. சினிமான்னு வந்தாதான் பேச்சு, சிரிப்பு, "லட்சுமி இங்க வாயேன்"ங்கறது எல்லாம். போர்ட கழட்டறது எனக்கு மட்டும் இனிக்குதா இன்னா? மேல போயி அந்த மனுசன்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன், ஒருத்தருகூட...

இன்னா? இன்னாம்மா?

உஸ்ஸா? என்னயா உஸ்ஸுங்கற? என் பேரு போட்ட கம்பெனி படத்துல, என்னயே வாய மூடுன்னு...

இரு.

அப்பலேந்து சாஞ்சி சாஞ்சி பாத்தியே... அது இடுப்பு வலி இல்லியா? நான் மறச்சிக்கினு இருந்தனா? அந்தக் கண்ணுத்தண்ணி... அடி என் தாயே!

எங்க போனு... ஏங்க! ஏங்க, கேக்குதா? ஒருத்தி பாக்கறாங்க! ... கண்ணத் தொறந்துதான்! அழுதுக்கினு பாக்கறா! என்ன உஸ்ஸுன்னுட்டாங்க! ... ஆமா, என்ன! ... இல்ல, கீழ வராதீங்க, பயந்துக்கினு எழுந்து போயிடப்போறா. அங்கியே இருங்க... இன்னாங்க நீங்க, அழுவாதீங்க. போன வைங்க. வைங்கன்றேன் இல்ல, அவளுக்கு தொந்தரவா இருக்குது.

நவுந்துக்கறேம்மா. இப்ப நல்லா தெரியுதா? ... யோவ், முன்சீட்டு அய்யா! கொறட்டய ரவ கம்மி பண்ணுய்யா, இங்க படம் பாக்கறாங்க!

...

ஏம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாய மூடிக்கறேன். அந்தப் பொம்பள ஏன் கெணத்தடியிலயே நிக்கறா?

சரி. சரி. பாத்தே தெரிஞ்சிக்கறேன்.