நான் மழித்த மலை

மேடையில் வீற்றிருக்கும் வானிலை மைய இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த லாய் அவர்களின் மகள் யிச்சென் அவர்களே, தாய்பேயின் இந்த மழையில் நனைந்து வந்திருக்கும் தோழர்களே! எனக்கு மேடை பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன், தடுமாறினால் பொறுத்தருளுங்கள்.

முனைவர் லாய் சியூயுன் அவர்கள் முப்பது ஆண்டுகள் காற்றைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓடவிட்டு, நாளைய புயலை இன்றே சொன்னவர். அவரை எப்படிப் புகழ்வேன்? அவர் பெயரில் ஒரு கறை இருக்கிறதே! முதலில் அதைத் துடைக்க வேண்டாமா?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயல். கிழக்குக் கரையில் நானூறு மில்லிமீட்டர் மழை என்றோம். ஆயிரத்து நூறு கொட்டியது. காலி செய்யப்படாத ஓர் ஊரில் மலை சரிந்து மூவர் மாண்டனர். "கணிப்பு என்னுடையது" என்று நிருபர்கள் முன் நின்றவர் யார்? லாய் அவர்கள்! தவறு யாருடையது? என்னுடையது.

நம் நடுமலைத்தொடர் செங்குத்தானது. அதன் உயரத்தை அப்படியே கணினிக்குக் கொடுத்தால், வரப்போகும் முப்பத்தேழாம் மணிக்கான கணிப்பில் கணக்கு நொறுங்கி நின்றுவிடும். அதனால் கணக்கில் மட்டும் மலையின் உயரத்தைச் சற்று மழிப்போம். நான் ஆயிரம் மீட்டர் மழித்தேன். மலை குள்ளமானது, காற்று மேலேறவில்லை, கணக்கில் மழை குறைந்தது. குறிப்பேட்டில் அதை எழுதவும் இல்லை. இயந்திரம் சொன்னபடி கேட்கட்டும் என்று, நம் வழக்கப்படி அதன்மேல் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனேன்.

அவர் கண்டுபிடித்தார்.

"என்ன வெய் அண்ணே, மலைக்கு மொட்டையடிச்சிட்டு மெஷினுக்குப் படையல் போட்டீங்களா?"

"நின்னுடும்னு பயந்துட்டேம்மா. நானே போய்ச் சொல்லிடறேன்."

"நாலு பேரைப் பாத்தாலே உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும். நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இனிமே கணக்கு விழுந்தா விழட்டும். எங்க விழுதுன்னாவது தெரியும்ல?"

மறுநாளே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? பதினோரு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை! அவரோ மழிக்காத மலையோடு ஓட்டிக்கொண்டே இருந்தார். விழ விழ ஓட்டி, ஐம்பத்திரண்டாம் மணிவரை கொண்டுவந்தார். மூன்று நாள் கணிப்புக்கு எழுபத்திரண்டு வேண்டும்.

யிச்சென் அவர்களே, உங்கள் அம்மா சுமந்தது என் பிழை. இன்று காலை இதை இயக்குநரிடம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

கடலில் இப்போதும் ஒரு புயல். நீங்கள் ஜன்னலையே பார்க்கிறீர்கள்; நானும்தான். இங்கே வருமுன், முழு மலையோடு கணக்கை ஓடவிட்டு வந்தேன். இயந்திரத்தின் மேல் இருந்த பொட்டலம் இதோ, அவர் படத்தின் முன் இருக்கிறது. எந்த மணியில் விழுந்தாலும் அந்த மணியை என் பெயரோடு எழுதுவேன். எழுதிவிட்டு மறுபடி ஓட்டுவேன். இது உறுதி.

மன்னியுங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் கணக்கு ஐம்பத்து மூன்றாம் மணியைத் தொடும். நான் அங்கே இருக்க வேண்டும்.