ஒச்சாயி வைக்காத கைநாட்டு

வெள்ளக்காரன் காப்பிச் செடி கொண்டாந்து நட்ட காலம். ஆனைகுத்தி மலையில ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். காப்பிப் பழம் பறிக்கிறவ. தோட்டத்துத் துரை அவ மேல ஆசப்பட்டான். ஒச்சாயி லேசுப்பட்டவளா? "தாலி கட்டாம என் வாசப்படி மிதிக்காதே"ன்னுட்டா. கட்டினான், முனியப்பன் கோயில்ல. மூத்தவன் முனியாண்டி பொறந்தான். பெறகு ஒரு பாதிரியார் வந்து, "இதெல்லாம் கல்யாணமே இல்ல"ன்னு சத்தம் போட்டு, சர்ச்சுல மறுபடி கட்டிவச்சு, புத்தகத்துல எழுதினாராம். அதுக்கப்புறம் பொறந்தவன் சாமுவேல்.

துரை காய்ச்சல்ல செத்தான். பிள்ளைக வளந்து ஆளானாக. ஒருநா சீமையிலருந்து ஒரு வக்கீல் துரை வந்து எறங்கினானாம், கூடவே அவன் பேச்சைத் தமிழ்ல சொல்ல ஒரு துபாஷி.

"உங்க துரையோட அண்ணன் பெரிய லார்டு. மகன் இல்லாமச் செத்துட்டார். அந்தப் பட்டம் உன் மகனுக்கு வருது."

அந்த அண்ணனுக்கு நாலு பொண்ணு இருந்துச்சாம். பொட்டப்புள்ளைக்குப் பட்டம் ஆகாதாம். என்ன சட்டமோ!

ஒச்சாயி மூத்தவனை இழுத்து முன்னால நிறுத்தினா.

"இவனில்ல. இளையவன்."

"மூத்தவன் இருக்கையில இளையவனுக்கு எப்படிய்யா?"

"இவன் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவன். அப்படிப் பொறந்தவனுக்குப் பட்டம் கெடையாது. பின்னாடி வழக்கு வராம இருக்க, நீயே அதை ஒத்துக்கிட்டு இந்தத் தாள்ல கைநாட்டு வை."

வந்துச்சு பாரு கோவம்! "அப்ப முனியப்பன் முன்னால என் கழுத்துல ஏறினது என்னடா, மாட்டுக்கயிறா?"

"அதை யார் பாத்தா?"ன்னானாம் வக்கீல்.

கேக்கலாமா அந்தக் கேள்வி? பழக்கூடையை எறக்கி வச்ச சனம் அம்புட்டும், "நாங்க பாத்தோம்!"னு கத்துச்சு. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. "புத்தகத்துல இல்லையே"ன்னான். இப்பச் சொல்றப்பவும் எனக்கு வயிறு எரியுது. நாப்பது பேர் கண்ணு பொய்யாம், ஒரு பேனா எழுதினது நெசமாம்!

மூத்தவன் சொன்னான், "வச்சிரு ஆத்தா. தம்பியாவது நல்லாயிருக்கட்டும்."

அவனுக்கு விழுந்துச்சு ஒரு அறை. "தாலியோட பெத்த புள்ளைடா நீ!" மைக்கூட்டைத் தட்டிவிட்டா. கைநாட்டு இல்லாம வக்கீல் கெளம்பிட்டான்; பட்டம் சீமையில யாரோ பங்காளிக்குப் போச்சாம்.

சாமுவேல் குதிச்சான். "எனக்கு வந்ததைக் கெடுத்திட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" மூணு வருசம் அவ கையால கஞ்சி வாங்கிக் குடிக்கல. அவளும் எறங்கி வரல.

நாலாம் வருசம் அவனுக்குக் கல்யாணம், அதே முனியப்பன் கோயில்ல. மூணு முடிச்சும் போட்டான். குலவை போட வந்த பொம்பளைகளைக் கைகாட்டி நிறுத்தினான். சனத்தைப் பாத்துத் திரும்பி, "பாத்தீகளா?"ன்னு கேட்டானாம். யாருக்கும் வெளங்கல. ஒச்சாயிக்குத்தான் வெளங்குச்சு. "பாத்தேன்டா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. அப்புறம் மலையே கத்துச்சு.

இன்னைக்கும் ஆனைகுத்தியில தாலி ஏறினதும் மாப்பிள்ளை கேக்கணும். சனம் மூணு தரம் "பாத்தோம்"னு சொல்லணும். பெறகுதான் குலவை. ரிஜிஸ்தர் ஆபீசுக்காரன் நோட்டோட வந்தாலும் சரி, அது முடியிற வரைக்கும் ஓரமா நிக்கட்டும்.