பாதி காதில் விழுந்த பல்கலைக்கழகம்

இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் இழுத்து உட்காரவைக்கத் தயாராக அமர்ந்திருக்கும் பெரியவர் இராஜரத்தினம் அவர்களே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் ஆன்றோரே! அடுப்பை அணைத்துவிட்டும், அணைத்தோமா என்ற ஐயத்தோடும் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! சிராங்கூன் சாலையின் சிங்கங்களே! உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் சன்னலுக்கு வெளியே நின்றால்தான் பேச்சு விளங்கும் என்று நிற்கிற இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் துரைசாமி வாத்தியாரின் வணக்கம்.

'நம் பல்கலைக்கழகம் வளர்ந்த கதை' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். வளர்ந்த கதை சொல்வதென்றால் பிறந்த கதையும் சொல்ல வேண்டாமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தாம் ஆண்டில் அது ஒரு மருத்துவப் பள்ளியாகப் பிறந்தது. எங்கே பிறந்தது தெரியுமா? மனநோய்ப் பெண்களுக்கான பழைய விடுதிக் கட்டடத்தில்! சிரிக்காதீர்கள் ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன். பிறகு புக்கித் தீமா சாலையில் ராபிள்ஸ் கல்லூரி எழுந்தது. நாற்பத்தொன்பதில் இரண்டும் ஒன்றாகி மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. பிள்ளைகள் பெருகினால் ஒரே வீடு போதுமா? கோலாலம்பூரில் ஓர் அடுப்பு, இங்கே ஓர் அடுப்பு என்று தனிக்குடித்தனம் வந்தது. இந்த அறுபத்திரண்டாம் ஆண்டுப் புத்தாண்டு முதல் நம் வீட்டு வாசலில் 'சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம்' என்று நம் ஊர்ப் பெயரே விளங்குகிறது. கைதட்டுங்கள், தட்டினால் குறைந்துவிட மாட்டீர்கள்!

கட்டடம் வளர்ந்தது, கலைகள் வளர்ந்தன, கற்பவர் கூட்டம் வளர்ந்தது. ஆனால் அந்தக் கழகத்தால் நம் காப் சாலையில் ஒரு கலகம் வளர்ந்ததே, அது யாருக்குத் தெரியும்?

மாவு மில் அழகப்பன் அண்ணனை அறியாதவர் உண்டா? இதோ, முன்வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவரேதான்! "என் கதையச் சொல்லிக்க வாத்தியார், மாவுல கல்லு இருக்குன்னு மட்டும் சொல்லிடாத" என்று அனுமதி தந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் மகள் பாக்கியலட்சுமி பகலில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், மாலையில் என் தமிழ் வகுப்புக்கு வந்தவள். தமிழில் பேசும்போது ஓர் ஆங்கிலச் சொல் கலந்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்தப் பிள்ளைக்குச் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. ஓடினாள் மில்லுக்கு. உள்ளே மோட்டார் ஓடுகிறது, மிளகாய் அரைபடுகிறது, நின்றவர்களெல்லாம் தும்முகிறார்கள். "அப்பா, எனக்குப் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருக்கு!" என்று கத்தினாள். பல்கலையை மோட்டார் விழுங்கிவிட்டது. அண்ணன் காதில் விழுந்தது கழகம் மட்டும்!

"கழகமா? நம்ம வீட்டுல எவனும் கழகத்துல சேரக் கூடாது. உன்னக் கொடி பிடிக்கவா பெத்தேன்? போ வீட்டுக்கு!"

மோட்டார் இரைச்சலில் அந்தக் கொடியும் அவள் காதில் விழவில்லை. போ வீட்டுக்கு என்றது மட்டும் நன்றாக விழுந்தது. படிக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார் என்றே நினைத்தாள். அழுதாள், சாப்பாட்டை ஒதுக்கினாள், பேச்சை நிறுத்தினாள். அவளுக்கு மட்டும்தான் வீம்பா, அவள் அப்பாவுக்குக் கிடையாதா? அவரும் நிறுத்தினார்.

செய்தி எனக்கு வந்தது. மல்லி அரைக்கும் சாக்கில் போனேன். பெண் கல்வியின் பெருமையைப் பொழிந்தேன். பேசினேன், பேசினேன், மல்லி அரைபட்டு முடியும்வரை பேசினேன். அண்ணன் என்ன கேட்டார் தெரியுமா?

"அதெல்லாம் சரி வாத்தியார். ஊர்வலம் போனா யாரு கூடப் போவா?"

"எந்த ஊர்வலம் அண்ணே?"

"கழகம்னா ஊர்வலம் இல்லாமலா?"

நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. மில் அமைதியானது. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்: பல்... கலைக்... கழகம்.

"அட, யூனிவர்சிட்டியா! அத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா லா? கழகம் கழகம்னு என் உசிர வாங்கிட்டா!"

சிரித்தோம், நானும் அவரும், மாவுக்குக் காத்திருந்தவர்களும். அதோடு முடிந்திருந்தால் நானும் இந்நேரம் வணக்கம் சொல்லி அமர்ந்திருப்பேன். யாரப்பா அது, அமருங்கள் என்பது? பொறுங்கள் தம்பி!

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் கேட்டார். "அங்க மாணவர் சங்கம் இருக்கா?" பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறது என்றேன். மின்சாரம் வந்தது. அவர் மோட்டாரைப் போட்டு அடுத்த மிளகாயைக் கொட்டினார். இன்றுவரை மகளைச் சேர்க்கச் சம்மதம் தரவில்லை. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் பாக்கியலட்சுமியின் இடம் போய்விடும்.

ஏன் அந்தப் பயம்? அண்ணனுக்குச் சுந்தரம் என்று ஒரு தம்பி இருந்தார். துறைமுகத்தில் வேலை. சக தொழிலாளிக்காகச் சங்கத்தில் எழுந்து பேசினார். ஒரு நாள் காலையில் போலீசார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி நாடு கடத்திவிட்டார்கள். திரும்பி வரவும் இல்லை, அங்கே நெடுநாள் வாழவும் இல்லை. அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அய்யா இவர்! சங்கம் என்றால் அவருக்குத் தம்பி நினைவு வராதா? கழகம் என்றால் அந்தக் கப்பல் கண்ணில் தெரியாதா?

அண்ணே, சபையறியக் கேட்கிறேன். சுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு போன அன்று, ஏன் என்று கேட்க நம் தெருவில் ஆள் இருந்ததா? எந்தச் சட்டம் என்று கேட்க ஒரு வாய் இருந்ததா? கடை கடையாக ஓடினீர்களே, கைகூப்பி நின்றீர்களே, சட்டம் படித்த ஒருவர் கிடைத்தாரா? மருத்துவப் பள்ளியாய்ப் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது சட்டம் சொல்லித்தரவே ஆளில்லை. இன்று சட்டப் படிப்பு இருக்கிறது! இன்று அதன் கதவு திறந்திருக்கிறது! இருக்கிற படிப்பையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் மகள் ஏன் சட்டத்தைக் கேட்டாள் என்று ஒரு முறையாவது அவளிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். "சித்தப்பாவுக்காக சார்" என்றாள்.

என்ன அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? கோபமா? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்... வேண்டாமா? சரி, சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்காது, அவர் சொல்வதை அப்படியே நான் சொல்கிறேன்.

"திங்கக்கிழம மில்லப் பூட்டிட்டு நானே கொண்டு போய்ச் சேர்க்கிறேன் வாத்தியார்."

கைதட்டாதீர்கள், பொறுங்கள், இன்னும் பேசுகிறார்...

"அங்க சங்கத்துல சேரணும்னாலும் சேரட்டும். எழுந்து பேசுறப்ப, நான் சுந்தரத்தோட அண்ணன் மகள்னு சொல்லிட்டுப் பேசட்டும்."

தலைவர் அவர்களே, என்னை இழுத்து உட்காரவைக்க வேண்டாம், நானே உட்கார்ந்துவிடுகிறேன். கேட்டவர்க்கும் எழுந்தவர்க்கும் நன்றி, வணக்கம்.